ஹிஸ்டிரோஸ்கோப்பி, டி அண்ட் சி பண்றதுக்கு முன்னாடி வர்ற பயத்தை எப்படி சமாளிச்சீங்க?

அடுத்த வாரம் உங்களுக்கு ஹிஸ்டிரோஸ்கோப்பியும் (கர்ப்பப்பைக்குள்ள சின்ன கேமரா விட்டுப் பாக்கறது) டி அண்ட் சியும் (கர்ப்பப்பை வாயை விரிச்சு உள்சவ்வைச் சுரண்டி எடுக்கறது) இருக்கு, பயத்துல தூக்கமே வரலன்னு எழுதியிருக்கீங்க. போன வருஷம் திருச்சியில எனக்கும் இதே தான் பண்ணாங்க. பீரியட்ஸ் நிக்காம போயிட்டே இருந்துச்சு, ஸ்கேன்ல கர்ப்பப்பைக்குள்ள பாலிப், அதாவது சின்னதா ஒரு சதை வளர்ச்சி தெரிஞ்சுது, அதை எடுத்துட்டு உள்சவ்வையும் கொஞ்சம் சுரண்டி டெஸ்ட்டுக்கு அனுப்பணும்னு சொன்னாங்க.

"பத்து நிமிஷ வேலை, இதுக்குப் போயா பயப்படுற"ன்னு வீட்ல சொல்வாங்க. எனக்கு அதைக் கேட்டா அழுகை தான் வந்துச்சு. ஒரு நாள் நைட்டு எதுக்கெல்லாம் பயமா இருக்குன்னு போன்லயே டைப் பண்ணிப் பாத்தேன். மயக்க மருந்து, வலி, தெரியாதவங்க முன்னாடி அப்படி படுக்கறது, மயக்கத்துல இருக்கும்போது கர்ப்பப்பையையே எடுத்துட்டா என்ன பண்றது, ரிசல்ட்ல கேன்சர்னு வந்துட்டா, அப்புறம் சொந்தக்காரங்க டி அண்ட் சின்னா கருவைக் கலைச்சுட்டு வந்தான்னு பேசுவாங்களே... எல்லாம் தனித்தனி பயம், ஒவ்வொண்ணையும் கேக்க வேண்டிய ஆளும் வேற. நீங்களும் எழுதிப் பாருங்க, அந்த பேப்பரை ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க.

மயக்கத்தைப் பத்தி மயக்க டாக்டர் கிட்டயே கேளுங்க. முன்னாடியே ஒரு செக்கப் இருக்கும், ஈசிஜி, பிளட் டெஸ்ட் பாப்பாங்க, வாயைத் திறக்கச் சொல்லி ஆடுற பல் இருக்கான்னு பாப்பாங்க, ஆஸ்துமா, தைராய்டு, என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கேப்பாங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுத்தா கண்டிப்பா சொல்லிடுங்க. நான் அவர்கிட்ட "நடுவுல முழிச்சுட்டா என்ன சார் பண்றது"ன்னு நேராவே கேட்டேன். முடியிற வரைக்கும் உங்க தலைமாட்டுல தாம்மா இருப்பேன், மூச்சு, பல்ஸ், பிரஷர் எல்லாம் பாத்துட்டே இருப்பேன்னு சொன்னார், பாதி பயம் அங்கயே போச்சு. டிரிப்ஸ் வழியா வெள்ளையா ஒரு மருந்து போடுவாங்க, ஏத்தும்போது கை கொஞ்சம் எரியும், அதை முன்னாடியே சொல்லி வச்சிருந்ததால நான் பதறல. ஆறு மணி நேரம் சாப்பிடக் கூடாதுங்கறதும் சும்மா இல்ல, மயக்கத்துல வயித்துல உள்ளது மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடக் கூடாதுன்னு தான். தண்ணி எப்ப வரைக்கும் குடிக்கலாம்னும் கேட்டுக்கங்க.

அடுத்தது அந்த கையெழுத்து. இதைத் தான் நான் எல்லா பொண்ணுங்க கிட்டயும் சொல்றேன். கன்சென்ட் ஃபார்மை (ஆபரேஷனுக்கு நாம சம்மதம்னு எழுதிக் குடுக்கற படிவம்) நீட்டின உடனே கையெழுத்து போட்டுடாதீங்க, என்ன பண்ணப் போறோம்னு எழுதியிருக்குன்னு தமிழ்ல சொல்லச் சொல்லுங்க. டெஸ்ட்டுக்குன்னு மயக்கம் குடுத்த ஒரு பெண்ணுக்கு, வெளிய இருந்த அம்மா கிட்ட மட்டும் கேட்டுட்டு கர்ப்பப்பையை எடுத்த கேஸ் ஒண்ணு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. உயிருக்கு ஆபத்துன்னு அவசரம் இருந்தா தவிர, டெஸ்ட்டுக்கு குடுத்த சம்மதத்தை வச்சு பெரிய ஆபரேஷன் பண்ணக் கூடாது, அந்தப் பெண்ணோட சம்மதம் தான் வேணும்னு 2008ல தீர்ப்பு வந்துச்சு. இதைப் படிச்சதும் எனக்கு அவ்வளவு தெம்பு. "பாலிப் தவிர வேற எதையும் எடுக்கணும்னா என்னை எழுப்பி கேட்டுட்டு அப்புறம் இன்னொரு நாள் பண்ணுங்க மேடம்"னு டாக்டர் கிட்ட சொன்னேன், அவங்க கோவிக்கல, ஃபார்ம்லயே எழுதிக் குடுத்தாங்க.

கால் தூக்கி வச்சு படுக்கற கூச்சம் எனக்கு ரொம்ப இருந்துச்சு. லேடி டாக்டர் தானான்னு கேளுங்க, மயக்கம் வர்ற வரைக்கும் துணி போர்த்தி வைங்கன்னு சொல்லுங்க, சிஸ்டருங்க கண்டிப்பா செய்வாங்க. தாலி, மெட்டி, மூக்குத்தி கழட்டச் சொல்வாங்க. கரண்ட் வச்சு கருக்குற கருவி யூஸ் பண்ணும்போது உடம்புல மெட்டல் இருந்தா சுட்டுடும்னு தான் அப்படி, அதனால மனசைப் போட்டு குழப்பிக்காதீங்க. நான் முந்தின நாளே செயினைக் கழட்டிட்டு மஞ்சள் கயிறு போட்டுக்கிட்டேன், அதை விட்டுட்டாங்க. நெயில் பாலிஷும் எடுத்துடுங்க, ஆக்சிஜன் பாக்கற கிளிப்பை விரல்ல தான் மாட்டுவாங்க.

சொந்தக்காரங்க பேச்சை நான் கண்டுக்கவே இல்ல. யாருக்கு சொல்லணுமோ அவங்களுக்கு மட்டும் சொன்னேன். என் நாத்தனார் தான் கூட வந்தாங்க, தியேட்டர் வாசல் வரைக்கும் கையை விடல. உங்களை அமைதிப்படுத்துற ஆளா பாத்து கூட்டிட்டுப் போங்க, அது வீட்டுக்காரரா தான் இருக்கணும்னு இல்ல.

முழிச்சப்ப பீரியட்ஸ் வலி மாதிரி அடிவயிறு இழுத்துச்சு, ஊசி போட்டதும் குறைஞ்சுது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தாச்சு. கொஞ்ச நாள் லேசா ரத்தம் படும், அதுக்கு பயப்பட வேண்டாம். ஆனா ஒரு மணி நேரத்துல ஒரு பேட் நனையுற அளவுக்கு போனாலோ, காய்ச்சல், கெட்ட வாடை, தாங்க முடியாத வலி இருந்தாலோ உடனே போயிடுங்க, காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க.

எனக்கு புரொசீஜரை விட ரிப்போர்ட்டுக்காக காத்திருந்தது தான் கஷ்டமா இருந்துச்சு. பாலிப்ல பெரும்பாலும் கேன்சர் இருக்காதுன்னு டாக்டர் சொல்லியும் மனசு கேக்கல. எனக்கு நல்லபடியா வந்துச்சு, உங்களுக்கும் வரணும்னு மனசார வேண்டிக்கறேன். ரிப்போர்ட் எந்த தேதிக்கு வரும், யார் போன் பண்ணுவாங்கன்னு டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு வாங்கிட்டு வாங்க, ரிப்போர்ட்டைப் பிரிச்சு கூகுள்ல தேடாம நேரா டாக்டர் கிட்டயே போய் காட்டுங்க.