சதவீதம் இருக்கிறது, நேரத்தைக் காணோம்!

இடுக்கி மலைப்பக்கம் மழை பிடித்துவிட்டால் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனாலோ என்னவோ, இந்தப் பருவத்தில் நமக்கு வரும் கேள்விகளில் பேட்டரி சங்கதிதான் அதிகம். லினக்ஸ் லேப்டாப்பில் "இன்னும் இவ்வளவு நேரம் தாங்கும்" என்கிற வரி காணாமல் போவதைப் பற்றி எல்லையோரத்து வாசகர்கள் கேட்டவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். கட்டளைகளைச் சொல்லும்போது உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உபுண்டு 22.04 இருந்தவரை மேல் மூலையைச் சொடுக்கினால் பேட்டரி எத்தனை மணி நேரம் வரும் என்று காட்டும். லீவில் 24.04 போட்டோம், இப்போது வெறும் சதவீதம் மட்டும்தான் வருகிறது. அப்டேட்டில் ஏதாவது கெட்டுவிட்டதா சார்? பழையதையே திரும்பப் போட்டுவிடட்டுமா?
– தமிழ்வழிப் பள்ளி ஆசிரியை, வண்டிப்பெரியாறு

பதில்: எதுவும் கெடவில்லை டீச்சர், பழையதைப் போடவும் வேண்டாம். உபுண்டுவின் திரையையும் மெனுக்களையும் தருவது க்னோம் என்கிற டெஸ்க்டாப், 22.04-ல் இருந்தது க்னோம் 42. அதற்கு அடுத்து, 2022 செப்டம்பரில் வந்த க்னோம் 43-ல் அந்த மூலை மெனுவையே புதிதாகச் செய்தார்கள், பட்டன் பட்டனாக அழகாக இருக்கிறது, ஆனால் பேட்டரிக்குச் சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். 24.04-ல் இருப்பது க்னோம் 46, அதே கதைதான். செட்டிங்ஸ் திறந்து பவர் பகுதிக்குப் போனால் மீதி நேரம் அங்கே பத்திரமாக உட்கார்ந்திருக்கும். மேல் பட்டையிலேயே வேண்டும் என்றால் அதற்கென்றே க்னோம் நீட்சிகள் இருக்கின்றன, ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் அந்த வரியை எடுத்தது தேவையில்லாத வேலை, சரி, யார் கேட்கிறார்கள்.

இன்னொன்று, அது பள்ளிக்கு வந்த லேப்டாப் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்களை எல்லாம் சேர்த்து, கேரளப் பள்ளிகளின் கணினிக் கல்வியைக் கவனிக்கும் அரசு அமைப்பான கைட் தரும் லினக்ஸ் தனியாக இருக்கிறது, அதை அழித்துவிட்டு வெறும் உபுண்டு போட்டால் பேட்டரி நேரத்தைவிடப் பெரிய தேடல் வகுப்பறையில் ஆரம்பிக்கும்.

கேள்வி: ஏலக்காய் ஸ்டோரில் எடையும் கணக்கும் எழுத லினக்ஸ் மின்ட் போட்ட ஒரு லேப்டாப் வைத்திருக்கிறேன். கரண்ட் போனால் சதவீதம் தெரிகிறது, எவ்வளவு நேரம் என்பது மட்டும் வரவே இல்லை. தம்பி ஒருவன் சொல்லி டெர்மினலில் ஏசிபிஐ என்று அடித்துப் பார்த்தேன், பூஜ்ய வேகத்தில் இறங்குகிறது, முழுசாக இறங்கவே இறங்காது என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. இறங்காத பேட்டரியா என்னிடம் இருக்கிறது? புற்றடி ஏலத்துக்குக் கிளம்பும் முன் கணக்கு முடியுமா முடியாதா என்று தெரியாமல் அல்லாடுகிறேன் சார்.
– ஏலக்காய் வியாபாரி, குமுளி

பதில்: அப்படி ஒரு பேட்டரி இருந்தால் ஏலக்காயை விட்டுவிட்டு அதையே ஏலம் விடுங்கள். அந்த வரி வேடிக்கையாகத் தெரிந்தாலும் உங்கள் நோயைச் சரியாகச் சொல்கிறது.

மீதி நேரம் என்பது பேட்டரிக்குள் எங்கேயும் எழுதி வைத்திருக்கும் சமாசாரம் இல்லை, அது ஒரு வகுத்தல் கணக்கு. மிச்சம் இருக்கும் சக்தியை, இப்போது எவ்வளவு வேகத்தில் செலவாகிறதோ அதால் வகுக்க வேண்டும். 27 வாட்-மணி மிச்சம், லேப்டாப் 9 வாட் இழுக்கிறது என்றால் 3 மணி நேரம். சதவீதத்துக்கு முதல் எண்ணும் பேட்டரியின் முழு அளவும் போதும், அதனால் அது எப்போதும் வரும். நேரத்துக்கு இரண்டாவது எண்ணும் வேண்டும், அது பூஜ்யமாக வந்தாலோ வராமலே போனாலோ வகுக்க முடியாது, திரையும் பேசாமல் இருந்துவிடும். ஆகவே நீங்கள் தேட வேண்டியது நேரத்தை அல்ல, அந்த இழுக்கும் வேகத்தை. அது எந்தப் படியில் தொலைந்தது என்பதுதான் கேள்வி.

படிகள் நான்கு. பேட்டரியோடு நேரடியாகப் பேசுவது லேப்டாப்புக்குள் இருக்கும் ஒரு சின்னக் கட்டுப்பாட்டு சில்லும், லேப்டாப்போடு வரும் அடிப்படை மென்பொருளான பயாஸும். அவர்கள் சொல்வதை வாங்கிக் கோப்புகளாக வைப்பது லினக்ஸின் மையப்பகுதியான கர்னல். அதைப் படித்துக் கணக்குப் போடுவது யூபவர் என்கிற பின்னணிச் சேவை. யூபவர் சொல்வதை வாங்கிக் காட்டுவது உங்கள் டெஸ்க்டாப்.

டெஸ்க்டாப்பை முதலில் ஒதுக்கிவிடலாம், ஒரு நிமிட வேலை. மின்டின் சினமன் டெஸ்க்டாப்பில் பேட்டரி ஐகானை வலது சொடுக்கு செய்து அமைப்பைத் திறந்தால் சதவீதம் மட்டும் காட்டவா, நேரம் மட்டும் காட்டவா, இரண்டுமா என்று கேட்கும். அதற்குப் பதில் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் வைத்திருந்தால் பவர் மேனேஜர் ஐகானின் பண்புகளில் அதே மாதிரி இருக்கிறது. உங்களுக்கு ஏசிபிஐ கட்டளையே பூஜ்யம் என்று சொன்னதால் குறை இங்கே இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒன்றிரண்டு நிமிடம் சும்மா இருங்கள். இதைப் பலர் செய்வதில்லை. கழற்றின உடனேயும், மூடி வைத்துத் திறந்த உடனேயும் வேகம் பூஜ்யமாகத் தெரிவது சகஜம். யூபவர் நொடிக்கு நொடி பார்ப்பதில்லை, விட்டு விட்டுத்தான் பார்க்கும். பொறுத்தபின் யூபவர் என்று அடித்து, இடைவெளி விட்டு, ஒரு சின்னக் கோடும் டி எழுத்தும் சேர்த்து ஓட்டுங்கள். வரும் நீளமான பட்டியலில் எனர்ஜி ரேட் என்கிற வரியைப் பாருங்கள். அங்கே 8 வாட், 12 வாட் என்று ஏதாவது வந்து, கீழே டைம் டு எம்டி வரியும் இருந்தால் கணக்கு சரியாக நடக்கிறது, டெஸ்க்டாப்தான் மறைக்கிறது. கட்டளை பதிலே சொல்லாமல் தொங்கினால் சேவை படுத்துவிட்டது, சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் யூபவர் என்பதற்கு முன்னால் சூடோ (நிர்வாகி அனுமதி கேட்கும் சொல்) போட்டு எழுப்புங்கள். எனர்ஜி ரேட் பூஜ்யம் என்றால் இன்னும் ஒரு படி கீழே இறங்க வேண்டும்.

சிஸ், அதற்குள் கிளாஸ், அதற்குள் பவர் சப்ளை, அதற்குள் பேட் 0 என்று ஓர் அடைவு (ஃபோல்டர்) இருக்கும், சில மாடல்களில் பேட் 1. பேட் மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில், எண்ணோடு ஒட்டி BAT0 என்று அடியுங்கள்; பவர் சப்ளை மாதிரி பல சொல் வரும் கோப்பு, அடைவுப் பெயர்களில் இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போடுங்கள். கர்னல் வைக்கும் கோப்புகள் இங்கேதான். எனர்ஜி நவ், பவர் நவ் என்று ஒரு ஜோடி இருக்கும், அல்லது சார்ஜ் நவ், கரண்ட் நவ் என்று இன்னொரு ஜோடி. எது என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது, இரண்டும் இல்லையே என்று பதறாதீர்கள், ஒன்று இருந்தால் போதும். கேட் கட்டளையால் திறந்து பாருங்கள். எண்கள் பிரமாண்டமாக இருக்கும், எல்லாமே பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில் எழுதியிருப்பதால். எனர்ஜி நவ் கோப்பில் 27000000 என்று இருந்தால் அது 27 வாட்-மணி. பவர் நவ் அல்லது கரண்ட் நவ் கோப்பில் பூஜ்யம் இருந்தாலோ, கோப்பைத் திறக்கும்போது அப்படி ஒரு சாதனமே இல்லை என்று திட்டினாலோ, கீழே இருக்கும் பயாஸ் வேகத்தைச் சொல்ல மறுக்கிறது என்று அர்த்தம். "தெரியாது" என்று பதில் சொல்ல பயாஸும் லினக்ஸும் பேசிக்கொள்வதற்கான ஏசிபிஐ விதியே பயாஸுக்கு இடம் கொடுத்திருக்கிறது, சில லேப்டாப்கள் அந்தச் சலுகையைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. இதற்கு லினக்ஸைத் திரும்ப நிறுவுவதில் புண்ணியம் இல்லை.

செய்ய வேண்டியவை இவைதான். லேப்டாப்பை முழுசாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கட்டுப்பாட்டு சில்லு குழம்பியிருந்தால் அதிலேயே தெளிந்துவிடும், நான் முதலில் சொல்லும் வைத்தியம் எப்போதும் இதுதான், காசில்லாதது. அடுத்தது பயாஸ் அப்டேட். எஃப்டபிள்யூஅப்டி என்கிற கருவி மின்டிலேயே கிடைக்கும், உங்கள் மாடலுக்குப் புதிய ஃபர்ம்வேர் (பயாஸ் மாதிரி உள்மென்பொருள்) இருந்தால் அதுவே சொல்லும், ஆனால் சார்ஜர் போட்டு, கரண்ட் நிலையாக இருக்கும் நாளில் செய்யுங்கள். மழை நாளில் குமுளியில் உட்கார்ந்து பயாஸ் அப்டேட் செய்வது தைரியம் இல்லை, வேறு. மின்டின் அப்டேட் மேனேஜரில் புதிய கர்னல் இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் பயாஸ் திருந்தாது, நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். கரண்ட் போன பின் எட்டு மணிக்கு 63, எட்டரைக்கு 54 என்றால் அரை மணிக்கு 9 சதவீதம் இறங்குகிறது, மிச்சம் 54-க்கு ஆறு அரை மணி, அதாவது 3 மணி நேரம். ஸ்டோர் கணக்கு முடிக்க இந்தத் துல்லியம் தாராளம். புதிய யூபவர் பதிப்புகள் இதையே, சக்தி இறங்குவதைப் பார்த்துத் தாமாகவே செய்ய முயலும்.

கேள்வி: கோயம்புத்தூரில் பழைய திங்க்பேட் டி480 வாங்கினேன். சார்ஜரில் போட்டால் 80-க்கு மேல் ஏறவில்லை, எப்போது நிறையும் என்ற நேரமும் வரவில்லை. சார்ஜரைக் கழற்றினால் ஒரு பேட்டரிக்கு நேரம் வருகிறது, இன்னொன்றுக்கு வரவில்லை. ஏமாற்றிவிட்டார்களா அண்ணா?
– கல்லூரி மாணவர், கொழிஞ்சாம்பாறை

பதில்: இல்லை தம்பி, வாங்கினது நல்ல மிஷின்தான். அதில் இரண்டு பேட்டரி, உள்ளே ஒன்று, கழற்றக்கூடியது ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் செலவாகாது. வெளியில் இருப்பது முதலில் இறங்கும், அதுவரை உள்ளே இருப்பது சும்மா இருக்கும், சும்மா இருப்பதற்கு வேகம் பூஜ்யம், நேரமும் இல்லை. யூபவர் பட்டியலின் கடைசியில் டிஸ்ப்ளே டிவைஸ் என்று ஒன்று வரும், இரண்டையும் கூட்டின கணக்கு அங்கே இருக்கிறது, அதைப் பாருங்கள்.

80-ல் நிற்பது பேட்டரி சீக்கிரம் தேயாமல் இருக்க முன்பு வைத்திருந்தவர் போட்ட வரம்பாக இருக்கும். திங்க்பேடில் அந்த வரம்பு கட்டுப்பாட்டு சில்லிலேயே தங்கிவிடும், விண்டோஸை அழித்தாலும் போகாது. பேட் 0 அடைவில் சார்ஜ் கன்ட்ரோல் எண்ட் த்ரெஷோல்ட் என்ற கோப்பைத் திறந்தால் 80 என்று இருக்கும் பாருங்கள். சார்ஜ் ஏறாதபோது நிறையும் நேரம் எப்படி வரும்? ஊருக்குப் போகும் முன் முழுசாக வேண்டும் என்றால் டிஎல்பி என்கிற பேட்டரி கவனிப்புக் கருவியை நிறுவி, சூடோவோடு டிஎல்பி ஃபுல்சார்ஜ் பேட் 0 என்றும், அதேபோல் பேட் 1 என்றும் கொடுங்கள், 100 வரை ஏறும். வரம்பு தானாக 80-க்குத் திரும்பாமலும் போகலாம், பிறகு அந்தக் கோப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி வரம்பை அப்படியே விட்டுவிடுங்கள், எப்போதும் சார்ஜரில் கிடக்கும் லேப்டாப்புக்கு அது நல்லது.

கேள்வி: எனக்கு நேரம் வருகிறது, அதுதான் தொல்லை. 5 மணி என்கிறது, யூடியூப் திறந்தால் 2 மணி என்கிறது, 30 சதவீதத்தில் திடீரென்று அணைந்தே போகிறது. இதற்கு வராமலே இருந்திருக்கலாம்.
– விசைத்தறிக் கணக்கர், நகரி

பதில்: 5 மணி 2 ஆவது பொய் இல்லை, அந்த நிமிடத்து இழுவையை வைத்துப் போட்ட கணக்கு, வீடியோ ஓடினால் இழுவை கூடும். 30-ல் அணைவதுதான் வியாதி. யூபவர் பட்டியலில் எனர்ஜி ஃபுல், எனர்ஜி ஃபுல் டிசைன் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புதிதில் 50 வாட்-மணி பிடித்தது இப்போது 24 என்றால் பாதிக்கும் கீழே. கெப்பாசிட்டி என்று அங்கே வரும் சதவீதமும் இந்த ஆரோக்கியத்தைத்தான் சொல்கிறது. கர்னல் அடைவில் அதே பெயரில் இருக்கும் கோப்பு மட்டும் சார்ஜ் அளவு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒரு முறை முழுசாகச் சார்ஜ் ஏற்றி, வேலையைச் சேமித்துவிட்டு, அதுவாக அணையும் வரை விட்டு, மறுபடி முழுசாக ஏற்றுங்கள். பேட்டரிக்குள் இருக்கும் அளவுமானி தன் கணக்கைத் திருத்திக்கொள்ள இது உதவும். திருந்தாமல் அடுத்தும் 30-ல் அணைந்தால் செல் போய்விட்டது, மாற்றுங்கள். டச்பேட் லேசாக மேலே எழும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள், எழும்பியிருந்தால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், பேட்டரி உப்பியிருக்கிறது, சார்ஜே போடாமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: நேரமும் இல்லை, சதவீதமும் இல்லை, பேட்டரி ஐகானே இல்லை!
– வாசகர், களியக்காவிளை

பதில்: மேலே சொன்ன பவர் சப்ளை அடைவைத் திறந்து பாருங்கள். சார்ஜருக்கான ஏசி மட்டும் இருந்து பேட் என்று எதுவுமே இல்லை என்றால் கர்னலுக்கே பேட்டரி தெரியவில்லை. சார்ஜரைக் கழற்றினால் லேப்டாப் உடனே அணைகிறதா? அணைந்தால் பேட்டரி அல்லது அதன் இணைப்பு, கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். அணையாமல் ஓடினால் பேட்டரி உயிரோடுதான் இருக்கிறது, குமுளிக்காரருக்குச் சொன்ன பவர் பட்டன் வைத்தியத்தையும் புதிய கர்னலையும் அந்த வரிசையிலேயே முயன்று பார்த்துவிட்டு, லேப்டாப்பின் மாடல் பெயரோடு எழுதுங்கள்.