வீரர்களின் சொந்த வாழ்க்கையில் தலையிட யாருக்கு உரிமை?

கேள்வி: மைதானத்துக்கு வெளியே வீரர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்ல கிரிக்கெட் வாரியத்துக்கும் ரசிகர்களுக்கும் உரிமை உண்டா?

வாரியத்துக்கு ஓரளவு உண்டு. ரசிகர்களுக்கு, என்னைக் கேட்டால், கிடையாது. ஒரு கட்டுப்பாடு நியாயமானதா என்று அறிய நான் பார்ப்பது ஒன்றைத்தான்: வென்றிருந்தாலும் இதைக் கேட்டிருப்பார்களா?

ஊக்கமருந்துச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். சோதனைப் பட்டியலில் உள்ள வீரர், நாள்தோறும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பார் என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும். 12 மாதங்களில் மூன்று முறை தவறினால் தடை. 2019இல் தோஹாவில் 100 மீட்டர் உலக சாம்பியனான அமெரிக்கர் கிறிஸ்டியன் கோல்மன் எந்தச் சோதனையிலும் ஊக்கமருந்துக்காகச் சிக்கியதில்லை. அந்த டிசம்பரில் அதிகாரிகள் வீடு தேடி வந்தபோது கடைக்குப் போயிருந்தார். அது மூன்றாவது தவறாகிவிட்டது. மேல்முறையீட்டுக்குப் பிறகும் 18 மாதத் தடை, டோக்கியோ ஒலிம்பிக் போயிற்று. மனிதனைக் கட்டிப்போடும் விதிதான். ஆனாலும் ஏற்கிறேன். உலக சாம்பியன் என்பதற்காக அது வளைந்துகொடுக்கவில்லை. அவரோடு ஓடுகிறவர்களுக்கும் அதுவே பாதுகாப்பு.

ஹார்திக் பாண்டியா, கே.எல். ராகுல் விவகாரத்திலும் வாரியத்தின் பக்கமே நிற்பேன். 2019 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பெண்களைப் பற்றி வந்த பேச்சு கேவலமானது. ஆஸ்திரேலிய மண்ணில் முதல் டெஸ்ட் தொடரை வென்று நாடே கொண்டாடிக்கொண்டிருந்த வாரம் அது. அப்போதும் இருவரையும் இடைநீக்கம் செய்து திருப்பி அழைத்தார்கள். பிறகு தலைக்கு 20 லட்சம் ரூபாய் அபராதம்.

இனி 2015 உலகக் கோப்பை அரையிறுதியைப் பாருங்கள். சிட்னியில் கோலி ஒரு ரன்னில் ஆட்டமிழந்தார். அரங்கில் இருந்த அனுஷ்கா சர்மாவை ஊரே சேர்ந்து வசைபாடியது. அவர் செய்த குற்றம் என்ன? காதலன் ஆடுவதைப் பார்க்கப் போனார். அன்று கோலி சதம் அடித்திருந்தால் அதே முகத்தை எத்தனை முறை திரையில் காட்டி மகிழ்ந்திருப்போம்! இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

பத்தாண்டு கழித்து வாரியமே அந்த ரசிகர்களின் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஆஸ்திரேலியாவில் 3-1 எனத் தோற்ற கையோடு, 2025 ஜனவரியில் புதிய நெறிமுறைகள் வந்தன: 45 நாளுக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பயணத்தில் மனைவி மக்கள் உடன் தங்க இரண்டு வாரம்தான். அந்தத் தொடரில் பேட்டிங் சரிந்ததற்கும் குழந்தைகள் ஹோட்டலில் இருந்ததற்கும் என்ன தொடர்பு? ஆட்டம் முடிந்து அறையில் தனியாக உட்கார்ந்து வருந்த விருப்பமில்லை என்று கோலி மார்ச் மாதம் வெளிப்படையாகவே சொன்னார்.

ஆஸ்திரேலியாவில் ஆடிக்கொண்டிருக்கும் வீரர்களுக்கே ஒரு சங்கம் உண்டு. 2017இல் சம்பள விஷயத்தில் வாரியத்தோடு நேருக்கு நேர் மோதிப் பேசி முடித்தது. இந்தியாவில் 2019இல் தொடங்கிய சங்கமோ ஓய்வுபெற்றவர்களுக்கானது. இப்போது ஆடுகிறவர்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். அடுத்த நெறிமுறை வரும்போது அதன் வரைவை முதலில் படிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.