பீட்ரூட் வேகாததற்கு உங்கள் கை காரணமில்லை

கேள்வி: நுவரெலியாவுக்குக் கிட்ட, நானுஓயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. சனிக்கிழமை இரவு வந்து, திங்கள் விடியும் முன்பே போய்விடுவார். ஞாயிறு மத்தியானம் மட்டும்தான் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். சோறு, பருப்போடு இரண்டு மூன்று மரக்கறி வைக்க ஆசை. தொலைக்காட்சியில் பார்த்தபடியே செய்தாலும் பீட்ரூட் வேகமாட்டேன் என்கிறது, கோவா (முட்டைக்கோஸ்) கூழாகிவிடுகிறது, லீக்ஸில் மண் கடிபடுகிறது. பிள்ளைகள் ஒதுக்கி வைக்கிறார்கள். இதற்கிடையில், மரக்கறியிலுள்ள பூச்சிமருந்தையெல்லாம் எடுத்துவிடும் என்று ஒரு திரவப் போத்தலை 950 ரூபாவுக்கு எங்கள் லயத்து வீடுகளுக்கே கொண்டுவந்து விற்கிறார்கள். வாங்கலாமா? வீட்டில் கிளினிக் போகிற மாமியாரும் இருக்கிறார்.

பதில்: முதலில் அந்தப் போத்தலை முடித்துவிடுவோம், தங்கச்சி. வாங்காதீர்கள். இலையின் மேல் ஒட்டியிருக்கும் மருந்தில் ஒரு பகுதி, ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினாலே போய்விடும். கோவாவின் வெளி இலை இரண்டு மூன்றை உரித்துவிட்டால் இன்னும் கொஞ்சம் போகும். செடி உறிஞ்சி உள்ளே ஏற்றிக்கொண்ட மருந்தை எந்தப் போத்தலாலும் வெளியே இழுக்க முடியாது. மருந்தடித்த பிறகு இத்தனை நாள் பொறுத்துத்தான் பறிக்க வேண்டும் என்று மருந்து லேபலிலேயே போட்டிருக்கிறார்கள், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில். விலை ஏறுகிற வாரத்தில், முதலாளியின் லொறி வாசலில் வந்து நிற்கும்போது, யார் உட்கார்ந்து நாள் எண்ணுகிறார்கள்? எண்ண வைக்க வேண்டியவர்கள் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த 950 ரூபாவுக்கு நாலைந்து தேங்காய் வாங்கிவையுங்கள். கறிக்கு ஆகும்.

இனிப் பீட்ரூட். தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அது கடற்கரைக் கணக்கு. ஏறக்குறைய 300 மீற்றர் மேலே ஏறினால் ஒரு பாகை குறையும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். நீங்கள் சற்றுக் கீழே இருக்கிறீர்கள், 95 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் எவ்வளவு விறகு தள்ளினாலும் திறந்த சட்டியில் அதற்கு மேல் சூடேறாது, தண்ணீர்தான் வற்றும். கொழும்பில் ஸ்டூடியோவில் நின்றுகொண்டு "இருபது நிமிடத்தில் வெந்துவிடும்" என்று அந்த அம்மா சொல்வது பொய்யில்லை, அவருக்கு வெந்துவிடும். உங்களுக்கு அரை மணித்தியாலம் ஆகும். பருப்புக்கும் கிழங்குக்கும் இதே கதைதான்.

நான் மனைப்பொருளியல் படிப்பித்த காலத்தில் செய்முறைப் பரீட்சைக்குக் கீழ்நாட்டிலிருந்து ஒருவர் வந்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, "நேரம் முடிந்தும் பீட்ரூட் வேகவில்லை" என்று பிள்ளைக்குப் புள்ளியைக் குறைத்தார். மலையில் அப்படித்தான் என்று சொன்னேன். வழிகாட்டிப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். அந்தப் பிள்ளைக்கு இன்றைக்கும் தன் கைக்குச் சமையல் வராது என்ற எண்ணம் இருக்கும். உங்களுக்கும் அதே எண்ணம்தான் வந்திருக்கிறது. அதை விட்டுவிடுங்கள்.

செய்முறை இதுதான். அரைக் கிலோ பீட்ரூட்டைத் தோல் சீவி, தீக்குச்சியைவிடச் சற்றுத் தடிப்பாக நீட்டு நீட்டாக வெட்டுங்கள். வெங்காயம் ஒன்று, பச்சைக் கொச்சிக்காய் இரண்டு, கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை இலை, சிறு துண்டு கறுவா, ஒரு தேக்கரண்டி கறித்தூள். தேங்காயின் இரண்டாம் பால் ஒன்றரைக் கோப்பை ஊற்றி, மூடி போட்டு, சிறு நெருப்பில் வையுங்கள். கரண்டியால் அழுத்தினால் துண்டு உடைய வேண்டும். உடைந்த பிறகே உப்பும் அரைக் கோப்பை முதற்பாலும். முதற்பால் ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள், கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். தேசிக்காய் பிழிவது இறக்கிய பிறகுதான். இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். தேசிக்காயோ, வினாகிரியோ, புளியோ, தக்காளியோ முதலிலேயே விழுந்துவிட்டால் மரக்கறி இறுகிக்கொள்ளும். மலையில் ஏற்கனவே வேகமாட்டேன் என்கிற பீட்ரூட், புளிப்பும் சேர்ந்தால் கல்தான். பிரஷர் குக்கர் இருந்தால் இந்தப் பாடெல்லாம் பாதி குறையும். பருப்பு வேகவில்லை என்று அப்பச்சோடா போடுகிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். பருப்பு கரையும், அதோடு விட்டமின் பி1-உம் கரைந்துபோகும்.

சட்டியில் வைப்பதற்கு முன் சந்தையில் நடப்பதைச் சொல்லாமல் விடமாட்டேன். நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்வேன்.

நுவரெலியா உருளைக்கிழங்கு என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறீர்கள் அல்லவா? கப்பலில் வந்த கிழங்கைக் கொட்டி, நம் ஊர்ச் செம்மண்ணைத் தூவிப் புரட்டி, "தோட்டத்துக் கிழங்கு" என்று விற்கிற வியாபாரம் இந்த நாட்டில் நடக்கிறது. கிழங்கு விளைகிற மலையில் இருந்துகொண்டே ஏமாறுகிறோம். வாங்குவதற்கு முன் ஒன்றைக் கையிலெடுத்துப் பெருவிரலால் தேயுங்கள். பூசிய மண் பவுடர் போல எல்லா இடமும் ஒரே சீராக இருக்கும், ஒரே தேய்ப்பில் உதிரும், உள்ளே தோல் வழுவழுவென்று கழுவிய தோலாக இருக்கும். நிலத்திலிருந்து நேரே வந்த கிழங்கில் மண் அங்கங்கே காய்ந்து பிடித்திருக்கும், கண் குழிகளுக்குள் நகத்தால் கிண்டினால்தான் வரும். புதுக் கிழங்கென்றால் நகம் பட்ட இடத்தில் தோலே உரியும். வெளிநாட்டுக் கிழங்கு விஷமில்லை, தாராளமாகச் சாப்பிடலாம். அந்த விலைக்குச் சாப்பிடுங்கள் என்பதுதான் என் வழக்கு.

கரட்டிலும் ஒரு கண் வையுங்கள். இயந்திரத்தில் போட்டுக் கழுவி, பளபளவென்று அடுக்கியிருக்கும். கழுவும்போது மேல்தோல் உராய்ந்துபோகிறது, பொலித்தீன் பைக்குள் ஈரத்தோடு கிடந்து நாலாம் நாள் நுனியிலிருந்து வழுக்கத் தொடங்கும். புதன்கிழமை வாங்கி ஞாயிற்றுக்கிழமை சமைக்கிற உங்களைப் போன்றவர்களுக்கு மண்ணோடு இருக்கிற கரட்தான் நல்லது. விலையும் குறைவு, மலைக் குளிரில் ஒரு வாரம் கிடக்கும். ராகலையில் பிடுங்கிய கரட் ஏறக்குறைய 150 கிலோமீற்றர் ஓடித் தம்புள்ளைக்குப் போய், கைமாறி, மறுபடியும் மலையேறி நம் கடைத் தட்டில் வந்து உட்காருகிற கூத்தும் உண்டு. ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் தன் பங்கை எடுத்துக்கொள்கிறார். தோட்டக்காரர் வீசிவிட்டுப் போகிற விலைக்கு விற்கிறார், நீங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாங்குகிறீர்கள். ஆகவே லயத்துக்குப் பக்கத்தில் யாராவது தோட்டம் போட்டிருந்தால் சனிக்கிழமை மாலை நேரே அங்கே போங்கள். எப்போது மருந்தடித்தீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்கவும் முடியும். போத்தல் செய்யாத வேலையை அந்தக் கேள்வி செய்யும்.

கோவா கூழாவதற்கு மூன்று காரணம்: வெட்டிய பிறகு கழுவுவது, முதலிலேயே உப்புப் போடுவது, மூடி வைப்பது. கோவாவை நாலாகப் பிளந்து, கழுவி, தண்ணீர் வடிந்த பிறகு நூல் நூலாக அரியுங்கள். வெட்டிய பிறகு தண்ணீரில் ஊறவிட்டால் விட்டமின் சியும் அதோடு போய்விடும். தாச்சியை நன்றாகச் சூடாக்கி, எண்ணெயில் கடுகு, வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள் போட்டு, கோவாவைக் கொட்டிப் பெரிய நெருப்பில் நாலு நிமிடம் பிரட்டுங்கள். மூடி வேண்டாம். ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, கடைசியாக உப்பு. உப்பு முன்னால் விழுந்தால் கோவா தண்ணீர் விடும், பிறகு நீங்கள் வறுக்கவில்லை, அவிக்கிறீர்கள். நெடுநேரம் அவிந்த கோவாவிலிருந்து வரும் நாற்றத்துக்குத்தான் பிள்ளைகள் மூக்கைப் பிடிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். தாச்சி சிறியதென்றால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள், நிரப்பினால் மறுபடியும் கூழ்தான்.

லீக்ஸ் விஷயம் இன்னும் சுலபம். தண்டை வெள்ளையாக வளர்க்க மண்ணை அணைத்துக்கொண்டே போவார்கள், அதனால் இலை மடிப்புக்குள் மண் இறங்கிவிடுகிறது. வெளியே எத்தனை தரம் கழுவினாலும் அது போகாது. வேர்ப்பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, தண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இலைகளை விரித்து ஒரு பேசின் தண்ணீரில் அமுக்கி அலசுங்கள். இரண்டு நிமிடம் சும்மா விடுங்கள். மண் கீழே படியும். இப்போது லீக்ஸைக் கையால் அள்ளி எடுக்க வேண்டும். பேசினோடு கவிழ்த்து வடிகட்டினால் அடியில் படிந்த மண் எல்லாம் திரும்ப அதன் தலையிலேயே விழும். எடுத்த பிறகு பேசினின் அடியைத் தடவிப் பாருங்கள், நீங்கள் இத்தனை ஞாயிறு கடித்தது எது என்று தெரியும். தண்ணீர் மாற்றி இன்னொரு முறை. பிறகு பச்சைப் பகுதியையும் சேர்த்து அரிந்து, வெங்காயத்தோடு வதக்கி, இடித்த மிளகாயும் கொஞ்சம் மாசிக் கருவாடும் தூவினால் போதும். பிள்ளைகளுக்கென்றால் மிளகாய் போடாமல் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிண்டிக் கொடுங்கள்.

இன்னுமொன்று வேண்டுமானால் அடுப்பே வேண்டாம். கரட்டைத் துருவி, சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ, உப்பு, தேசிக்காய். கரட்டிலுள்ள சத்து கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஒட்டும், தேங்காய் அதற்குத்தான். ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராமாவது மரக்கறியும் பழமும் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் உருளைக்கிழங்கு சேராது. கிழங்குக் குழம்பு வைத்துவிட்டு மரக்கறி வைத்தேன் என்று சொல்கிறவர்களுக்காக இதை எழுதினேன்.

கடைசியில் ஒரு வரியில் மாமியாரைச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எந்தக் கிளினிக் என்று எழுதவில்லை. சீனி வருத்தமென்றால் கிழங்கையும் சோற்றையும் குறையுங்கள், மேலே சொன்னதெல்லாம் அவருக்கும் ஆகும். சிறுநீரகக் கிளினிக் என்றால் நில்லுங்கள். இரத்தத்தில் பொட்டாசியம் கூடிவிட்டது, குறைக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தால், மற்றவர்களுக்கு நான் நல்லது என்று சொன்னது அவருக்குக் கெடுதல். மற்றவர்கள் மரக்கறி அவித்த தண்ணீரைக் கொட்டக்கூடாது. அவருக்கானதைச் சிறு சிறு துண்டாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். பொட்டாசியம் தண்ணீரில் இறங்கிவிடும், முழுவதும் இல்லை, ஒரு பகுதி. பீட்ரூட், உருளைக்கிழங்கு, கீரை வகைகளில் அது கூடுதல். கோவாவில் ஒப்பிட்டால் குறைவு. உப்புக்குப் பதிலாக என்று கடையில் விற்கிற "குறைந்த சோடிய" உப்பை அவர் தட்டில் போடவே போடாதீர்கள், அதில் சோடியத்துக்குப் பதிலாக இருப்பதே பொட்டாசியம்தான். எல்லாச் சிறுநீரக நோயாளிக்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. சிலருக்குப் பொட்டாசியம் சரியாகவே இருக்கும், அவர்களை வீணாகப் பட்டினி போடக்கூடாது. இரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இதை விளக்கி ஒரு காகிதம் கொடுத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஆஸ்பத்திரியில் அந்தக் காகிதம் இரண்டு மொழியில் இருந்தது, அந்த இரண்டிலும் தமிழ் இல்லை. வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் அதை மடித்து மருந்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்கள். உங்கள் மாமியாரின் பையிலும் ஒன்று இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போய், பொட்டாசியம் எவ்வளவு, எதைச் சாப்பிடலாம் என்று வாய்விட்டுக் கேளுங்கள். அது தெரியும்வரை ஞாயிற்றுக்கிழமை பீட்ரூட் கறியை அவர் தட்டில் வைக்க வேண்டாம். கோவாவில் ஒரு பிடியைத் தனியாக அவித்து, தண்ணீரைக் கொட்டி, தாளித்துக் கொடுங்கள்.