‘என் உடல்’ என்று சொல்வது யார்?

கேள்வி: “என் கை, என் கண், என் உடல் என்கிறோம். உடைமை வேறு, உடையவன் வேறு. ஆகவே உடலை உடையதாக ஓர் ஆன்மா இருந்தே தீர வேண்டும் என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். இந்த வாதம் நிற்குமா?” (வாசகர், கும்பகோணம்)

பதில்: நீங்கள் கேட்ட வாதம் பழமையானது. 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார், தம் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் ஆன்மா உண்டு என்பதற்கு ஏழு காரணங்களை நான்கே அடிகளில் அடுக்குகிறார். “எனதுடல் என்றலின்” என்பது அவற்றுள் இரண்டாவது. கேட்ட மாத்திரத்தில் விளங்குவதாலோ என்னவோ, மேடைகளில் இதுவே மிகுதியாக எடுத்தாளப்படுகிறது. ஏழில் மெலிந்தது இதுதான் என்பது என் கருத்து.

அந்த மெலிவைக் காட்ட வேற்றுச் சமயத்தாரை அழைக்க வேண்டியதில்லை. நம் இலக்கணமே போதும். ஆறாம் வேற்றுமைப் பொருளைத் தற்கிழமை (உடையவனின் பிரியாதது), பிறிதின்கிழமை (உடையவனின் வேறானது) என இரண்டாகப் பிரிக்கிறது நன்னூல். ‘சாத்தனது வீடு’ என்பது பிறிதின்கிழமை. வீட்டை விற்ற பின்னும் சாத்தன் குறைவின்றிச் சாத்தனாகவே இருப்பான். ‘சாத்தனது கை’ என்பதோ உறுப்பைக் குறிப்பதால் தற்கிழமை. அதாவது, ‘எனது’ என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் உடைமையும் உடையவனும் வெவ்வேறு பொருள்கள் என்று இலக்கண நூலார் கொள்ளவில்லை. வடமொழியாளர் இதற்கு ‘ராகுவினது தலை’ என்று ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வர். ராகு என்பதே வெறும் தலைதான், அந்தத் தலைக்குப் புறம்பாக அதை உடைய ராகு எவரும் இல்லை. மேலும், நாம் ‘என் உயிர்’, ‘என் ஆன்மா’ என்றும் சொல்கிறோம். சொல்லை மட்டும் நம்பினால் ஆன்மாவை உடையதாக இன்னொன்றையும், அதை உடையதாக மற்றொன்றையும் தேடிக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

ஆனால் இந்த ஒரு காரணம் தளர்வதால் சூத்திரம் முழுதும் சாய்ந்துவிடாது. மூன்றாவதாக வரும் ‘ஐம்புலன் அறிதலின்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மாம்பழத்தின் மஞ்சள் நிறத்தைக் கண் அறியும், இனிப்பை அறியாது. நாக்குக்கு இனிப்புத் தெரியும், நிறம் தெரியாது. நிறமும் மணமும் இனிப்பும் ஒரே பழத்தினுடையவை என்று சேர்த்து அறிவது ஐந்து பொறிகளில் எதுவும் அன்று. ஆகவே அறிகிறவன் பொறிகளின் வேறானவன் என்கிறார் மெய்கண்டார். மூளையின் வெவ்வேறு பகுதிகளில் தனித்தனியே பகுக்கப்படும் நிறமும் வடிவும் ஒலியும் ஒரே அனுபவமாக எவ்வாறு கூடுகின்றன என்பதை நரம்பியலார் ‘பிணைப்புச் சிக்கல்’ என்று பெயரிட்டு இன்றும் ஆராய்கின்றனர். அவர்கள் விடையை மூளைக்குள்ளேயே தேடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆயினும் கேள்வி அதே கேள்வி. ஐந்தாவது காரணமும் கூர்மையானது. உறங்கும்போது மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் நுகர்ச்சியும் இல்லை, செயலும் இல்லை. எனவே பிராணனை அறிகிறவன் என்று கொள்ள முடியாது. இக்காலத்தவர் பிராணனை விட்டுவிட்டு மூளை என்று சொல்வார்கள். உறக்கத்தில் மூளையின் இயக்கமும் மாறுகிறதே என்று அவர்கள் கேட்பதற்கு இந்தக் காரணம் மட்டும் விடை ஆகாது.

எதிர்த்தரப்பின் குரலையும் தமிழ் நூல்கள் மறைத்து வைக்கவில்லை. மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில், நிலம், நீர் முதலிய பூதங்களுக்கு அப்பால் ஆன்மா இல்லை என்னும் பூதவாதி தன் கொள்கையை விரித்துரைக்கிறான்: தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் பிறவற்றையும் கூட்டினால் மதுவின் களிப்புப் பிறப்பது போல, பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றும். கண்ணால் கண்டதையே நம்புவேன் என்கிற அவனிடம், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எவ்வாறு அறிவாய் என்று மணிமேகலை கேட்கிறாள். அது அவனுடைய அளவையை, அதாவது அவன் ஏற்கும் அறியும் வழியை, தாக்குகிறதே அன்றி உவமையைத் தாக்கவில்லை. உவமைக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: பூவும் வெல்லமும் கூடியதால் களிப்பு உண்டாவது குடித்தவனுக்கு, குடத்துக்கு அன்று. உணர்வுள்ள ஒருவனை முன்பே வைத்துக்கொண்டுதான் அந்த உவமை வேலை செய்கிறது.

கேள்வி: “ஆன்மாவின் எடை 21 கிராம் என்று அறிவியல் நிறுவிவிட்டதாமே?” (வாசகர், சேலம்)

பதில்: நிறுவவில்லை. அமெரிக்க மருத்துவர் டங்கன் மக்டூகல், மரணத் தறுவாயில் இருந்த ஆறு நோயாளிகளைக் கட்டிலோடு எடைபோட்டு 1907இல் முடிவுகளை வெளியிட்டார். அந்த 21 கிராம் ஒரே ஒரு நோயாளியின் கணக்கு. மற்றவை அதனோடு ஒத்துவரவில்லை, இரண்டை அவரே தள்ளிவிட்டார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, பாலி மொழிப் பௌத்த நூலான தீகநிகாயத்தில் வரும் பாயாசி என்ற சிற்றரசன் ஒரு கள்வனை உயிரோடும், கொன்ற பிறகும் நிறுத்துப் பார்த்ததாகச் சொல்கிறான். அவன் கண்டது நேர்மாறு: பிணமே கூடுதல் கனமாக இருந்ததாம். பாயாசி அதைக் கொண்டு உடலின் வேறாக உயிர் இல்லை என்றான், மக்டூகல் தம் எண்ணைக் கொண்டு ஆன்மா உண்டு என்றார். தராசு இருவருக்கும் அவரவர் விரும்பியதையே காட்டியிருக்கிறது.

கேள்வி: “ஆன்மா உருவமற்றது என்றால், அது என் கையை எப்படி உயர்த்துகிறது?” (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: இதே கேள்வியை 1643 மே மாதத்தில், நாடிழந்து ஹேக் நகரில் வாழ்ந்த பொஹீமிய இளவரசி எலிசபெத், பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்ட்டுக்குக் கடிதத்தில் எழுதினார். நினைப்பதே இயல்பாகவும் இடத்தை அடைக்காததாகவும் இருப்பது ஆன்மா, இடத்தை அடைப்பது உடல் என்று பிரித்தவர் டெக்கார்ட். ஒரு பொருள் இன்னொன்றைத் தள்ள வேண்டுமானால் தொட வேண்டும், தொடுவதற்கு மேற்பரப்பு வேண்டும், அது இல்லாத ஆன்மா எவ்வாறு தள்ளும் என்பது இளவரசியின் வினா. பொருள்களின் கனம் அவற்றைத் தொட்டுத் தள்ளாமலே கீழ்நோக்கி நகர்த்துவதாக நாம் எண்ணுவதில்லையா என்று டெக்கார்ட் உவமை காட்டினார். எலிசபெத்துக்கு அது நிறைவளிக்கவில்லை; உருவமற்ற ஒன்று உடலை அசைக்கும் என்று ஒப்புவதைவிட, ஆன்மாவுக்கும் பருமை உண்டு என்று ஒப்புவது தமக்கு எளிது என்று ஜூனில் மறுபடி எழுதினார்.

சைவ சித்தாந்தத்தில் இந்த இடர் வேறு வடிவம் கொள்கிறது. ஆணவம் என்னும் அறியாமை இருளில் கிடக்கும் ஆன்மாவுக்கு, உலகின் மூலப்பொருளான மாயையிலிருந்து தரப்பட்ட விளக்கு உடல் என்றும், ஆன்மா தான் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது என்றும் அது சொல்லும். உடலின்றி ஆன்மாவே எதையும் அறியாது என்பதால் இரண்டுக்கும் இடையிலான தொலைவு குறைகிறது. ஆனால் விளக்கு எரிவது எப்படி என்று நீங்கள் கேட்டால், இறைவன் கூட்டுவிக்கிறான் என்பதோடு விடை நின்றுவிடும். டெக்கார்ட்டும் அதே ஆண்டு ஜூன் இறுதியில் எழுதிய மறுமொழியில், உடலும் ஆன்மாவும் கூடியிருப்பதைத் தத்துவச் சிந்தனையால் அன்று, அன்றாட வாழ்விலும் சாதாரண உரையாடலிலுமே தெளிவாக உணரலாம் என்று இளவரசிக்குச் சொன்னார்.