முன் சக்கரத்தில் ‘டொக் டொக்’ சத்தம்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, சின்னச் சின்னப் பள்ளத்துல மெதுவா போகும்போது இடது முன்பக்கம் லொடலொடன்னு சத்தம். பெரிய வேகத்தடையில ஏறி இறங்கினா ஒண்ணும் இல்லை. ஷாக் அப்சார்பரை மாத்தணும்னு மெக்கானிக் சொல்றார். மாத்திடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இந்த அறிகுறிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடைத்தான். வளைவில் கார் சாய்வதைக் குறைக்க இடது, வலது சக்கரங்களை இணைக்கும் கம்பிதான் ஸ்டெபிலைசர் பார், அதன் முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்னத் தண்டுதான் லிங்க் ராடு. ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போதுதான் அந்த பார் முறுகும், லிங்கும் இழுபடும். வேகத்தடையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறுவதால் லிங்குக்கு வேலையே இல்லை, அதனால்தான் சத்தமும் இல்லை.

சோதிக்க, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடியுங்கள், கை நுழைய இடம் கிடைக்கும். இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு, லிங்க் ராடின் மூட்டுக்குப் பக்கத்தில் பிடித்து வெடுக்கென்று ஆட்டுங்கள். விரலில் ‘டிக்’ என்று தட்டினால் அது தேய்ந்துவிட்டது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்: ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிட்டுப் பார்ப்பார்கள். அப்போது பார் முறுகி லிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் தெரியவே தெரியாது. இரண்டு சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்.

அப்படியும் உறுதியாகத் தெரியாவிட்டால், இரண்டு பக்க லிங்கையும் கழற்றிவிட்டு, பார் எதிலும் உரசாதபடி கட்டி, அதே பள்ளத்தில் மெதுவாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வளைவில் வண்டி வழக்கத்தைவிட அதிகம் சாயும், ஆகவே வேகம் வேண்டாம். சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி லிங்க், அல்லது பாரைப் பிடித்திருக்கும் கிளாம்புக்குள் உள்ள ரப்பர் புஷ். லிங்கை ஜோடியாகவே மாற்றுங்கள்.

கேள்வி: சார், பிரேக் மிதிச்சதும் ஒரே ஒரு ‘டக்’. அப்புறம் ரிவர்ஸ் எடுக்கும்போது இன்னொரு ‘டக்’. பிரேக் பேடு புதுசுதான்.

பதில்: இரண்டு சாத்தியங்கள். பேடு கிளிப் சரியாக உட்காராமல் இருந்தால், முன்னே போய்ப் பிரேக் போட்டு, பின்னே போய்ப் பிரேக் போடும்போது பேடு இடம் மாறித் தட்டும். பேடு மாற்றிய பிறகுதான் சத்தம் தொடங்கியது என்றால் கிளிப்பையும், பேடை அழுத்தும் காலிப்பரின் பின்னையும் முதலில் பாருங்கள். மேடு பள்ளத்தில் கடகடக்கும்போது பிரேக்கை லேசாகத் தொட்டதும் சத்தம் அடங்கினாலும் அதே இடம்தான்.

பேடில் குறை இல்லையென்றால் லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் கை) பின்புற ரப்பர் புஷ். பிரேக் போடும்போது சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படும், அந்த விசையைத் தாங்குவது பெரும்பாலும் அந்த ரப்பர். ஆர்முக்கும் அதன் பிராக்கெட்டுக்கும் நடுவில் லீவர் கம்பியைக் கொடுத்து நெம்புங்கள். ரப்பர் கொஞ்சம் அசைவது இயல்பு. இரும்போடு இரும்பு முட்டினாலோ, ரப்பர் ஆழமாகக் கிழிந்து பிளந்தாலோ மாற்ற வேண்டும். மேலே தெரியும் மெல்லிய கீறல்களுக்காக மாற்ற வேண்டியதில்லை.

மாற்றும்போது ஒரு விஷயத்தைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். சக்கரம் தொங்கும் நிலையில் புஷ் போல்ட்டை இறுக்கக் கூடாது. அந்த நிலையில் ரப்பர் பூட்டிக்கொள்ளும், வண்டி தரையில் இறங்கியதும் எப்போதும் முறுகியே நிற்கும், சீக்கிரம் கிழிந்துபோகும். போல்ட்டைக் கையால் மாட்டி, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கம். “புது புஷ்ஷும் உடனே போயிடுச்சு” என்று வரும் புகார்களில் நிறைய இதனால்தான்.

கேள்வி: வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ‘டங்’ என்று ஸ்பிரிங் துள்ளும் சத்தம். எங்கே பார்ப்பது?

பதில்: ஸ்ட்ரட் மவுன்ட்டின் மேல் பேரிங். ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த பாகம்தான் ஸ்ட்ரட், அது மேலே வண்டியின் பாடியோடு சேரும் இடம் மவுன்ட். ஒருவர் மெதுவாக ஸ்டீயரிங்கைத் திருப்பட்டும், நீங்கள் ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வையுங்கள், விரலைச் சுற்றுக்களுக்கு நடுவில் நுழைக்காதீர்கள். நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங் சீராகத் திரும்பும். இறுகிய பேரிங்கில் கொஞ்ச நேரம் முறுகி நின்று, பிறகு ஒரே துள்ளல். கையிலேயே தெரிந்துவிடும். ஸ்பிரிங்கின் அடிச்சுற்று உடைந்திருந்தாலும் இதே சத்தம் வரும், அதையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: முன் ஷாக் அப்சார்பர் ரெண்டும் புதுசு போட்டேன். முன்னாடி இல்லாத ‘டொக்’ இப்பதான் வருது!

பதில்: அப்படியானால் பொருத்தியதில்தான் பிழை இருக்க அதிக வாய்ப்பு. மவுன்ட்டின் நடு நட்டு முழுதாக இறுகாமல் இருப்பதுதான் முதல் காரணம். அந்த நட்டை இறுக்கும்போது உள்ளே பிஸ்டன் ராடும் சேர்ந்து சுழலும், ஆலன் கீயால் ராடைப் பிடித்துக்கொண்டு, கார் கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு இறுக்க வேண்டும். அடுத்து, ஸ்பிரிங்கின் கீழ் முனை அதன் இருக்கையில் உள்ள தடுப்பை ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு லிங்க் நட்டு, ஸ்ட்ரட்டைச் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு சேர்க்கும் போல்ட்டுகள், ஏபிஎஸ் ஒயர் கிளிப் ஆகியவற்றையும் பாருங்கள்.

கேள்வி: முழுசா ஒடிச்சு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தா டக் டக் டக்னு தொடர்ச்சியா வருது.

பதில்: அது சஸ்பென்ஷன் இல்லை, டிரைவ் ஷாஃப்ட்டின் (இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) சக்கரப் பக்கத்து மூட்டு, அதாவது வெளி சிவி ஜாயின்ட். அதன் மேல் உள்ள ரப்பர் பூட் (உறை) கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: சத்தத்தோடு ஓட்டினால் ஆபத்தா?

பதில்: எது சத்தம் போடுகிறது என்பதைப் பொறுத்தது. லிங்க் என்றால் நிதானமாக ஓட்டிச் சில நாளில் மாற்றலாம். பால் ஜாயின்ட் (லோயர் ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் உருண்டை மூட்டு) அல்லது டை ராடு எண்ட் (ஸ்டீயரிங் தண்டு சக்கரத்தோடு சேரும் மூட்டு) என்றால் ஓட்டவே கூடாது, கழன்றால் சக்கரம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது.

எது என்று கண்டுபிடிக்க, சக்கரத்தைத் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் கீழே ஸ்டாண்ட் கொடுத்து, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் பெரும்பாலும் பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் தட்டினால் டை ராடு எண்ட் அல்லது ஸ்டீயரிங் ராக்கின் உள் ஜாயின்ட். இதற்கெல்லாம் முன்னால் வீல் நட்டுகளை ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபார்த்துவிடுங்கள், அரை நிமிட வேலை.

கேள்வி: எதை மாற்றினால் வீல் அலைன்மென்ட் பார்க்கணும்?

பதில்: டை ராடு எண்ட், லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் மாற்றினால் கட்டாயம். லிங்க் ராடுக்கும் ஸ்டெபிலைசர் புஷ்ஷுக்கும் தேவையில்லை.