அப்லேஷன் முடிந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா? – கேள்வி பதில்

‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்னும் இதயத் துடிப்புக் கோளாறு பற்றியும், கோளாறு கிளம்பும் திசுவைச் செயலிழக்கச் செய்யும் ‘அப்லேஷன்’ சிகிச்சை பற்றியும் வந்த கேள்விகளில் சில இவை. கத்தீட்டர் (ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். மருந்தின் அளவு கேட்டவர்கள் மன்னிக்கவும். அதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

துடிப்பு ஒழுங்காக இல்லை என்று கைக்கடிகாரம் எச்சரிக்கிறது. எனக்கோ ஒரு தொந்தரவும் இல்லை. விட்டுவிடலாமா?

கூடாது. கடிகாரம் சந்தேகத்தைத்தான் கிளப்பும். ஈசிஜி எடுத்தால்தான் உறுதியாகும். உறுதியானால் எக்கோவும் தைராய்டுப் பரிசோதனையும் தேவை. தொந்தரவு இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று ஆகிவிடாது. இதயத்தின் மேலறை சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கும்போது, அதன் இடப்பக்க மூலையில் உள்ள சிறு பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

தினமும் ஆஸ்பிரின் போடுகிறேன். போதாதா?

போதாது. இவ்வகைக் கட்டியைத் தடுப்பதில் ஆஸ்பிரின் பலவீனமானது. ரத்தக்கசிவு ஆபத்து மட்டும் அதிலும் உண்டு. ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்ஸபான், ரிவராக்ஸபான் போன்ற மாத்திரைகள்தான் இதற்குரியவை. செயற்கை உலோக வால்வு வைத்தவர்களுக்கு வார்ஃபரின் வகை மருந்துகள் மட்டுமே.

அப்லேஷனில் என்னதான் செய்கிறார்கள்?

தாறுமாறான மின்துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளின் வாயிலிருந்துதான் கிளம்புகின்றன என்பதை 1998இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர் மிஷெல் ஐசகேரின் குழு காட்டியது. அந்தச் சிரைகளைச் சுற்றித் தழும்பால் வேலி போடுவதுதான் சிகிச்சை. தொடைச் சிரை வழியாகக் கத்தீட்டர் ஏறும். இதயத்தின் வலது, இடது மேலறைகளுக்கு நடுவே உள்ள சுவரை ஊசியால் துளைத்து இடப்பக்கம் போகும். பிறகு சூட்டாலோ, உறைகுளிராலோ, மின்புலத் துடிப்பாலோ திசுவைச் செயலிழக்கச் செய்வார்கள். சிரைக்குள் இருக்கும் மின்முனைகள் திரையில் கூர்மையான குறிகளைக் காட்டிக்கொண்டிருக்கும். வேலி முழுமையானதும் அவை மறைந்து கோடு தட்டையாகிவிடும். மேலறை அப்போதும் படபடத்துக்கொண்டிருக்கலாம். சிரைக்குள் மட்டும் சத்தமில்லை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

அப்பாவுக்கு 74 வயது. பல ஆண்டுகளாக விடாத ஒழுங்கின்மை; மேலறையும் பெரிதாகிவிட்டது. செய்யலாமா?

வந்து வந்து போகும் நிலையில் செய்வதைவிட இதில் பலன் குறைவு. ஒருமுறையோடு முடியாமலும் போகலாம். நாடித்துடிப்பை மட்டும் மாத்திரையால் கட்டுப்படுத்தி அவர் நிம்மதியாக நடமாடுகிறார் என்றால் நான் அவசரப்படுத்த மாட்டேன். இதயத்தின் இறைக்கும் திறன் குறைந்திருந்தால் கணக்கு மாறும்; அத்தகையவர்களில் சிலருக்கு அப்லேஷன் நன்மை தருவதை 2018இல் வெளியான ‘கேசில் ஏஎஃப்’ ஆய்வு காட்டியது. எப்படியானாலும் உடல் எடை, ரத்த அழுத்தம், குறட்டையோடு வரும் தூக்க மூச்சுத்தடை ஆகியவற்றை முதலில் சரிசெய்யுங்கள். அவற்றை விட்டுவிட்டுச் செய்தால் கோளாறு திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

செய்து மூன்று வாரம் ஆகிறது. படபடப்பு திரும்பிவிட்டது. தோல்வியா?

இப்போதே தீர்ப்புச் சொல்ல முடியாது. புண் ஆறும் முதல் இரண்டு மாதங்களில் இது சகஜம். மருத்துவரிடம் மட்டும் தெரிவித்துவிடுங்கள். வேறொன்றைக் கவனியுங்கள். இந்த வாரங்களில் காய்ச்சல், விழுங்கும்போது வலி, பேச்சுக் குழறல் எது வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போய், அப்லேஷன் செய்தது என்று முதலில் சொல்லுங்கள். மிக அரிதாக உணவுக்குழாய்க்கும் மேலறைக்கும் இடையே துளை விழும். அப்போது எண்டோஸ்கோப்பி செய்தால் உள்ளே செலுத்தும் காற்று உயிருக்கே ஆபத்தாகலாம். மார்பு சிடி ஸ்கேன்தான் வழி.

துடிப்பு சீராகிவிட்டால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்தலாம் அல்லவா?

அதிகம் வந்த கேள்வி இதுதான். முதல் இரண்டு, மூன்று மாதங்கள் எல்லோருக்கும் கட்டாயம். அதன்பின் முடிவு செய்வது ஈசிஜி அல்ல. வயது, ரத்த அழுத்தம், நீரிழிவு, இதயச் செயலிழப்பு, முன்பு வந்த பக்கவாதம் இவைதான். அப்லேஷன் உங்கள் படபடப்புக்கு. மாத்திரை உங்கள் மூளைக்கு. மாத்திரையை நிறுத்துவதற்காகவே அப்லேஷன் செய்துகொள்ள நினைப்பவர்கள் ஒருமுறை யோசியுங்கள்.

காபி குடிக்கலாமா?

அளவோடு என்றால் பெரும்பாலோருக்குத் தடையில்லை. மதுவைத்தான் விட வேண்டும்.