முட்டைப்பாலில் ரொட்டி கரைகிறதே!

கேள்வி: ஞாயிறன்று மகளும் மருமகனும் குழந்தைகளோடு வருகிறார்கள், எட்டுப் பேருக்குக் காலை உணவு. போன முறை செய்த பிரெஞ்ச் டோஸ்ட் முட்டைப்பாலிலேயே பிய்ந்துபோனது. தேறியதும் வெளியே கருகி, உள்ளே கொழகொழவென்று இருந்தது. முட்டை வாடை வேறு. ஜிகர்தண்டாவுக்குச் செய்வது போலச் சுண்டக் காய்ச்சிய பாலைச் சேர்த்துப் பார்க்கலாமா?
– வாசகி, திருநகர், மதுரை

பதில்: அன்று வாங்கிய புது ரொட்டியில் செய்திருப்பீர்கள். நம் பேக்கரிகளின் பால் ரொட்டி பஞ்சு மாதிரி; பாலில் பட்டதும் தளர்ந்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் இதை அழைப்பதே ‘வீணாய்ப்போன ரொட்டி’ என்ற பொருளில்தான். காய்ந்த ரொட்டியைக் காப்பாற்றப் பிறந்த பண்டம் இது. சனிக்கிழமையே, துண்டு போடாத முழு ரொட்டியாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு விரல் கனத்துக்கு வெட்டி, இரவு முழுதும் மூடாமல் பரப்பி வையுங்கள். (எறும்புக்குத் தட்டைச் சுற்றித் தண்ணீர் கட்டுவதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) சித்திரை வெயில் என்றால் மின்விசிறிக்கடியில் இரண்டு மணி நேரமே போதும்.

இரண்டு துண்டுக்கு ஒரு முட்டை, 60 மி.லி. பால். ஆளுக்கு இரண்டு என்றால் 8 முட்டை, அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பால். வாடைக்குப் பெரும்பாலும் காரணம் சரியாகக் கலக்காத வெள்ளைக்கரு. இழை இழையாக ரொட்டியில் ஒட்டி வெந்துவிடும். டீ வடிகட்டியில் வடித்துவிட்டு, அப்புறம் ஏலக்காய் போடுங்கள். பக்கத்துக்கு இருபது விநாடி நனைத்தால் போதும்.

சுண்டிய பால் கலவையில் வேண்டாம். அதன் இனிப்பு, உள்ளே முட்டை வேகும் முன்பே வெளியே கருகிவிடும். குளிரவைத்து, சிறுமலை வாழைப்பழ வில்லைகளோடு மேலே ஊற்றிக் கொடுங்கள். எனக்கு இது தோன்றவில்லையே என்று கொஞ்சம் பொறாமைதான்.

தோசைக்குக் காய்கிற சூடு இதற்கு ஆகாது. கல்லில் வெண்ணெய் நுரைத்து அடங்க வேண்டும். போட்டதுமே வெண்ணெய் பழுப்பானால் கல்லை ஆறவிடுங்கள். பாதி எண்ணெய் கலந்தால் சீக்கிரம் கருகாது. சிறு தீயில் பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம். நடுவில் அழுத்தினால் மெத்தென்று எழ வேண்டும். ஈரம் கசிந்தால் வேகவில்லை.

சுட்டதை ஹாட்பாக்ஸில் அடுக்காதீர்கள், வியர்த்து நமுத்துவிடும். தோசை மாதிரியே சுடச்சுடத் தட்டில் போடுங்கள். முதல் ஈட்டை மட்டும் மருமகனுக்குப் போடாமல் நீங்களே சாப்பிட்டுப் பாருங்கள். கல் பக்குவத்துக்கு வருவது இரண்டாம் ஈட்டில்தான்.